நாம் நிற்கிற தரை

(அறந்தாங்கியில் அரவை மில் தொழிலாளர்களும், பஞ்சாலைத் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று தரையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் இங்கே சில தோழர்கள் சிரித்தார்கள். கூலியைப் பற்றிப் பேசலாம். போனஸைப் பற்றிப் பேசலாம். வேலை நேரத்தைப் பற்றிப் பேசலாம். தரையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சுவரைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் பேச நாம் என்ன கொத்தனார்களா என்று ஒரு தோழர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு தாய்.

ஒரு கோடையில் இந்த வட்டாரத்து அரவை மில் ஒன்றின் களத்துக்குச் சந்தா வசூலுக்காகப் போயிருந்தோம். பகல் பன்னிரண்டு மணி. அவித்த நெல் சிமெண்டுக் களம் முழுவதும் பரப்பிக் கிடந்தது. அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா வெறுங்காலால் நெல்லைத் துழாவி, வரி வரியாகப் பிரித்துவிட்டுக் கொண்டே நடந்தார். அந்தக் கோடிக்குப் போவார். இந்தக் கோடிக்குத் திரும்புவார். அவரிடம் பேசலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நாங்களும் களத்தில் இறங்கினோம். நாலு எட்டு வைத்தோம். ஐந்தாவது எட்டு வைக்க முடியவில்லை. திரும்பி ஓடிவந்து வேப்பமர நிழலில் நின்றோம்.

அந்த அம்மா சிரித்தார். "தம்பி, நாலு எட்டுக்கே இந்தப் பாடுன்னா, நாங்க காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் இதுலதானே நடக்கிறோம்?" என்றார். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது உள்ளங்காலைக் காட்டினார். குதிகால் முழுவதும் பித்தவெடிப்பு. அதன் நடுவே பழைய கொப்புளங்களின் தழும்பு.

"ஏம்மா, செருப்புப் போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டோம்.

"நெல்லைச் செருப்புக் காலோட மிதிக்கலாமா, தம்பி? லெட்சுமி ஆச்சே. மொதலாளியும் விடமாட்டாரு; எங்களுக்கும் மனசு வராது."

தோழர்களே, அந்த அம்மாவின் பதிலில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. விளைந்த தானியத்தை மதிக்கத் தெரிந்தவள் உழைப்பாளிதான். ஆனால் அந்தத் தானியத்தைக் காயவைக்கும் காலை மதிக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்விக்காகத்தான் இன்று தரையைப் பற்றிப் பேசுகிறோம்.

நெல்லுக்காகப் போட்ட தளம்

அந்தக் களத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்! மேடு பள்ளம் இல்லாமல் மட்டம் பார்த்திருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் வைத்திருக்கிறார்கள். வெடிப்பு விட்டால் நெல் போய்விடும் என்று உடனே பூசிவிடுகிறார்கள். மூட்டம் கண்டால் மூடத் தார்ப்பாய் தயாராக இருக்கிறது. நெல்லுக்கு என்ன என்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே இருக்கிறது. நெல்லைக் காயவைக்கிறவளுக்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை.

என்ன வேண்டும்? கெட்டியான துணியில் தைத்த காலுறை வேண்டும். அதைப் போட்டு மிதித்தால் லெட்சுமிக்கும் குறையில்லை. நீளக் கைப்பிடி வைத்த தள்ளுபலகை வேண்டும். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் ஓய்வு வேண்டும். களத்தோரம் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பானைத் தண்ணீர், உட்கார ஒரு பலகை, பெண்கள் ஒதுங்க ஒரு கக்கூஸ் வேண்டும். தார்ப்பாய் வாங்குகிற முதலாளிக்கு இது பெரிய செலவா?

பக்கத்திலிருக்கும் ஆவுடையார்கோயிலுக்குப் போகாதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. கல்லிலே கொடுங்கை செதுக்கிய சிற்பிகளின் திறமையைப் பார்த்து உலகமே வியக்கிறது. ஆனால் சித்திரை மாதத்துப் பகலில் கோயில் கல் தரையில் கால் வைத்தால் எப்படியிருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் பல கோயில்களில் கோடையில் பிராகாரத்தில் நார் விரிப்புப் போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். நல்ல காரியம். கால் மணி நேரம் சுற்றி வருகிற பக்தரின் கால் சுடும் என்று தெரிந்த சமூகத்துக்கு, எட்டு மணி நேரம் களத்தில் நடக்கிறவளின் கால் சுடும் என்று தெரியாமற் போனதேன்? தெரியாமல் இல்லை. பக்தர் கேட்கக்கூடியவர், இவள் கேட்க மாட்டாள் என்று நினைத்துவிட்டார்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயில் மனிதனைக் கொல்லும் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. மேலே வெயில், கீழே சிமெண்டுச் சூடு என்று இரண்டுக்கும் நடுவே நிற்கிற தொழிலாளிக்கு அந்த அறிவிப்பு எப்போது நிழலாக வந்து சேரும் என்று கேட்பது நமது கடமை.

சேறும் ஒரு தரைதான்

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்கலாம்: "எங்களுக்கு ஏது தரை, ஏது சுவர்?" தோழர்களே, உங்களுக்கும் தரை உண்டு. அந்தத் தரை சேறு. கல்லணைக் கால்வாயின் கடைமடை நம் பூமி. தண்ணீர் வரும்வரை காத்திருந்து, வந்தபின் நாள் முழுவதும் அதிலேயே நின்று நடவு நடுகிறவர்கள் நம் பெண்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண். இரவெல்லாம் எரிச்சல். காலையில் மஞ்சளையோ எண்ணெயையோ தடவிக்கொண்டு மறுபடியும் அதே சேற்றில் இறங்குகிறார்கள்.

வெறுங்கால் மண்ணில் படுவதால் வருகிற இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். கொக்கிப்புழு என்று ஒரு புழு. மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குஞ்சு இருக்கும். உள்ளங்கால் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். குடலில் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். ஆள் வெளிறிப் போவான், மூச்சு வாங்கும், மண்வெட்டியைத் தூக்கினால் கை நடுங்கும்.

நம் பக்கத்திலிருந்து, புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். 1964 ஒப்பந்தத்தால் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அங்கே லயன் அறைகளில் மண் தரை, ஒதுங்கக் கக்கூஸ் இல்லை, காலில் செருப்பில்லை. துரைமார்கள் என்ன சொன்னார்கள்? தமிழ்க் கூலி சோம்பேறி என்றார்கள். 1916ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது உண்மை வெளியே வந்தது. சோம்பல் என்று துரைமார் சொன்னது இரத்தசோகை. தொழிலாளியின் இரத்தத்தை ஒரு பக்கம் தோட்டம் உறிஞ்சியது. மறுபக்கம் அந்தத் தோட்டத்துத் தரை உறிஞ்சியது. மருந்து கொடுத்தால் மட்டும் போதவில்லை. கக்கூஸ் கட்டாவிட்டால் புழு திரும்பத் திரும்ப வந்தது. தரையை மாற்றாமல் உடம்பை மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2005ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவு தந்த மத்திய சர்க்கார் கொண்டுவந்த சட்டம் அது. வேலைத் தலத்தில் நிழல், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை எழுதியது. வயல்காட்டு வேலைக்கும் வேலைத் தலம் என்று ஒரு பெயர் உண்டு, அங்கே இன்னின்னது இருக்க வேண்டும் என்று எழுதியதே பெரிய காரியம். எத்தனை இடத்தில் அந்த நிழலைப் பார்த்தோம் என்பது வேறு விஷயம். அந்தச் சட்டம் போய் 2025 டிசம்பரில் வேறு சட்டம் வந்துவிட்டது. எந்தச் சட்டம் வந்தாலும் அந்த நிழலையும் தண்ணீரையும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நூலுக்காக நனைத்த காற்று

இப்போது பஞ்சாலைக்கு வருவோம். நம் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் மில் வேலைக்குப் போகிறார்கள். அங்கே தரை வழவழவென்று இருக்கும். சுவர் வெள்ளையாக இருக்கும். பார்க்கிறவர்கள், நல்ல இடமாயிற்றே என்பார்கள். உள்ளே நிற்கிறவர்களைக் கேளுங்கள்.

ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற பெண் ஒரு ஷிப்டில் மைல் கணக்கில் நடக்கிறாள். கெட்டியான சிமெண்டுத் தரை காலை வாங்கிக்கொள்ளாது; ஒவ்வொரு எட்டின் அதிர்ச்சியையும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் திருப்பி அனுப்பும். அதே தரையில் ஒரே இடத்தில் நிற்கிறவன் பாடு இன்னும் மோசம். இரத்தம் காலில் தங்கும். ஆடுசதையில் நரம்பு சுருண்டு புடைக்கும். சாயந்திரம் கால் வீங்கும். நிற்கிற இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பும், இடையிடையே உட்கார ஒரு முக்காலியும் இருந்தால் இந்த வேதனையில் பெரும்பகுதி குறையும்.

மில்லுக்குள் ஈரக்காற்று விடுகிறார்களே, அது யாருக்காக? வறண்ட காற்றில் நூல் அறுந்து போகும் என்பதற்காக. நூல் அறாமல் இருக்கும். தொழிலாளி வேர்த்து ஊற்றி மயங்கி விழுவான். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் இப்படித்தான் நீராவியை அடித்தார்கள். நெசவாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1889ல் ஈரத்துக்கு வரம்பு கட்டிப் பார்லிமெண்டு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

பஞ்சுத் தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்கு வார விடுமுறை முடிந்து திரும்புகிற நாளில் நெஞ்சை இறுக்கும். இரண்டு நாளில் சரியாகிவிட்டது போலத் தோன்றும். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் இறுக்கும். பிசினோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நஷ்டஈடு கோரத்தக்க தொழில் நோய்களின் பட்டியலில் இடம்பெற்ற நோய் இது. தரையில் விழுந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டினால் அது மறுபடி மேலே எழும்பி மூக்குக்குள்தான் போகும். தூசி கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சியிழுக்கும் குழாய் வேண்டும். தரையையும் உறிஞ்சும் இயந்திரத்தால்தான் சுத்தம் செய்ய வேண்டும். வழி இருக்கிறது, செலவு செய்ய மனம்தான் இல்லை.

நிற்கிற தரையோடு நிற்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. எட்டு மணி நேரம் தாங்காத காலைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தப் பார்த்தார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்தன. மே தினத்தன்று அந்த மசோதா வாபஸ் ஆயிற்று. ஒற்றுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

அவர்களுக்குத் தெரியாதா?

தரையும் சுவரும் வெளிச்சமும் மனிதனின் உடம்பையும் மனதையும் பாதிக்கும் என்பது முதலாளிகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பட்டணத்துக் கம்பெனிகளில் ஆபீஸ் அறையை எப்படி அமைப்பது என்று ஆலோசனை சொல்வதற்கே ஆட்கள் இருக்கிறார்கள். தரைக்கு மெத்தை விரிப்பு, சுவருக்குக் கண்ணுக்கு இதமான வர்ணம், மூலைக்கு ஒரு செடி, முதுகு வலிக்காத நாற்காலி என்று எல்லாம் எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் வேலை நன்றாக நடக்கும், ஆட்கள் நோயில் படுக்க மாட்டார்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அந்த உண்மை மானேஜரின் கண்ணாடி அறை வாசலோடு நின்றுவிடுகிறது.

காரணம் என்ன? 1867ல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்திலேயே காரல் மார்க்ஸ் இதை விளக்கியிருக்கிறார். முதலாளி சிக்கனம் பிடிக்கிறபோது முதலில் சிக்கனம் பிடிப்பது தொழிலாளிக்குரிய இடத்தையும் காற்றையும் வெளிச்சத்தையும்தான். அந்தச் சிக்கனத்தை அவர் கொள்ளை என்றே கணக்கில் எழுதினார். ஒரு ஜன்னலை வைக்காமல் விட்டால் அந்த ஜன்னலின் விலை லாபத்தில் சேருகிறது. அந்த ஜன்னல் இல்லாததால் வருகிற இருமலுக்கு ஆஸ்பத்திரிச் செலவு நம் கூலியிலிருந்து போகிறது.

சில வேளைகளில் உயிரும் போகிறது. 2013 ஏப்ரல் 23ந் தேதி பங்களாதேஷில், டாக்கா பக்கத்திலுள்ள சவாரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தின் சுவர்களில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்திலிருந்த பாங்கும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மட்டும் மூடவில்லை. விரிசலைப் பார்த்துப் பயந்த தொழிலாளர்களை மறுநாள் காலை உள்ளே போகச் சொல்லி நிர்ப்பந்தித்தார்கள். ஏப்ரல் 24ந் தேதி கட்டிடம் இடிந்து விழுந்தது. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான், கட்டிடப் பாதுகாப்புக்கு வெளிநாட்டு வியாபாரக் கம்பெனிகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாங்கு ஊழியருக்கு அபாயமான சுவர் தையல் தொழிலாளிக்கு மட்டும் எப்படி அபாயமில்லாமல் போயிற்று? தங்களுக்குப் பின்னால் பலமான சங்கம் இருந்திருந்தால் அன்று காலை அந்தப் பெண்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

சுண்ணாம்படிக்கச் சொன்ன சட்டம்

தோழர்களே, உலகத்தில் முதன்முதல் வந்த தொழிற்சாலைச் சட்டம் எதைப் பற்றியது தெரியுமா? சுவரையும் ஜன்னலையும் பற்றியது! 1802ல் இங்கிலாந்தில் வந்த அந்தச் சட்டம், பஞ்சாலை அறைகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை சுண்ணாம்படிக்க வேண்டும், காற்று வரப் போதிய ஜன்னல்கள் வேண்டும் என்று சொன்னது. மில்களில் வேலை செய்த அநாதைக் குழந்தைகளிடையே காய்ச்சல் பரவி ஊரையே பயமுறுத்திய பிறகு வந்த சட்டம் அது. ஆனால் பார்வையிட முழுநேர இன்ஸ்பெக்டர் இல்லை. சட்டம் காகிதத்தில் கிடந்தது. 1833ல்தான் நாலு இன்ஸ்பெக்டர்களை நியமித்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டில் 1881ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் வந்ததுதான் விரிவான சட்டம். அதைப் படித்துப் பார்த்தால் தரையும் சுவரும் எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். வேலை அறையின் தரையை வாரத்துக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும். தரை நனைகிற வேலையானால் தண்ணீர் வடிய வழி வேண்டும். 14 மாதத்துக்கு ஒருமுறை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தரையும் படியும் உறுதியாக, வழுக்காமல் இருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு 14.2 கன மீட்டர், அதாவது சுமார் 500 கன அடி இடம் வேண்டும். நின்று வேலை செய்கிறவருக்கு, சமயம் கிடைக்கிறபோது உட்கார ஆசனம் வேண்டும். இவ்வளவும் சட்டத்தில் இருந்தது. பம்பாயிலும் சென்னையிலும் கோவையிலும் தொழிலாளி வர்க்கம் நடத்திய பல பத்தாண்டுப் போராட்டங்களின் சாரம் இந்த வரிகளில் இருந்தது.

2025 நவம்பர் 21ந் தேதி அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020ம் வருஷத்துத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்தை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. நாம் நியாயமாகப் பேச வேண்டும். அதில் இருக்கிற நல்லதை மறைக்கக் கூடாது. கான்டீன் வைப்பதற்கான வரம்பு 250 பேரிலிருந்து 100 பேராகக் குறைந்திருக்கிறது. நின்று வேலை செய்கிறவருக்கு ஆசனம் என்பது அதிலும் இருக்கிறது. சுத்தம், காற்று, வெளிச்சம், நெருக்கடியில்லாத இடம் என்ற தலைப்புகளும் இருக்கின்றன.

ஆனால் தலைப்புதான் இருக்கிறது, அளவு இல்லை. எத்தனை நாளைக்கொருமுறை கழுவ வேண்டும், எத்தனை கன மீட்டர் வேண்டும் என்பதையெல்லாம் சர்க்கார் எழுதுகிற விதிகளுக்கு விட்டுவிட்டார்கள். சட்டத்திலிருக்கும் அளவை மாற்றப் பார்லிமெண்டில் விவாதம் நடக்க வேண்டும். விதியிலிருக்கும் அளவை மாற்ற இலாகாவின் அறிவிப்பு போதும். அதோடு, மின்சாரத்தால் நடக்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்றும், மின்சாரமில்லாத இடத்தில் 20 என்றிருந்ததை 40 என்றும் ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்து அரவை மில்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை மில் இந்த வரம்புக்கு வெளியே நழுவிப் போகும்? இன்ஸ்பெக்டரின் பெயரோடு, வசதி செய்து கொடுப்பவர் என்ற பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கு வசதி? 1802ல் இன்ஸ்பெக்டர் இல்லாத சட்டம் என்ன ஆயிற்று என்று சொன்னோமே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் உரிமை

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. ஒரு நாற்காலியின் கதையைச் சொல்கிறோம்.

நம் அறந்தாங்கிக் கடைவீதியிலிருந்து சென்னை தியாகராய நகர் வரை, துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கிற பெண் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். காலில் சுடுகிற களம் இல்லை. பளபளக்கும் டைல்ஸ் தரை. தலைக்கு மேலே விளக்கு அலங்காரம். வாடிக்கையாளர் உட்கார மெத்தை ஆசனம். அந்தப் பிள்ளை மட்டும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலும் வசவு. எவ்வளவு அழகான அறையானாலும், அதில் உட்கார உரிமையில்லாதவளுக்கு அது களம்தான்.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இந்தப் பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைத் திரட்டினார். பெண்கூட்டு என்று அமைப்பு உண்டாயிற்று. முதலில் கேட்டது கக்கூஸ். கடைக் கட்டிடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாததால், நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்தார்கள். பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். திருச்சூரிலும் ஒரு துணிக்கடை வாசலில் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். "உட்கார வேண்டுமானால் வீட்டில் உட்காருங்கள்" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. 2018ல் கேரளத்து இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் கடைகள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைக் கொடுத்தது.

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் மசோதா வந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும். வேலைக்கிடையே கிடைக்கிற சமயத்தில் அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தப் பிரிவு. இது இன்று சட்டம். நம் ஊர்க் கடைகளில் எத்தனை கடையில் ஆசனம் போட்டிருக்கிறார்கள், போட்ட ஆசனத்தில் எத்தனை பேர் பயமில்லாமல் உட்காருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். நாற்காலியைச் சட்டம் கொடுக்கும். அதில் உட்காருகிற தைரியத்தைச் சங்கம்தான் கொடுக்க வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்?

தோழர்களே, கோஷம் போட்டுவிட்டுக் கலைந்து போக இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. நாளைக்கே செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறோம்.

முதல் வேலை, அளப்பது. ஒரு கயிறும் அடிக்கோலும் போதும். வேலை அறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து பெருக்குங்கள். உயரத்தை 14 அடிக்கு மேல் கணக்கில் சேர்க்க வேண்டாம். தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்கும் காற்றைக் காட்டி ஏமாற்றக் கூடாது என்றுதான் 1948ம் வருஷத்துச் சட்டமும் அப்படி வரம்பு வைத்தது. 40 அடி நீளம், 25 அடி அகலம், 14 அடி உயரம் என்றால் 14,000 கன அடி. 500 ஆல் வகுத்தால் 28 பேர். அந்த அறையில் 45 பேர் நின்றால், 17 பேருடைய காற்றை முதலாளி எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். விதியில் என்ன எழுதினாலும் இந்த அளவுக்குக் குறைய விடமாட்டோம் என்பது நமது கோரிக்கையாக இருக்கட்டும்.

இரண்டாவது, எழுதி வைப்பது. எங்கே வழுக்கி விழுந்தார்கள், எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, யாருக்குக் கால் வீங்குகிறது, யாருக்கு இருமல் என்று சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். தேதி போட்டு எழுதிய குறிப்பு அதிகாரி முன்னால் பேசும். நஷ்டஈட்டு வழக்கிலும் பேசும்.

மூன்றாவது, கூலிக் கோரிக்கையோடு தரைக் கோரிக்கையையும் சேர்ப்பது. ஒப்பந்தம் பேசப் போகிறபோது காலுறையும் ரப்பர் விரிப்பும் ஆசனமும் நிழலும் தண்ணீரும் கக்கூஸும் அதில் வர வேண்டும். கூலியில் பத்து ரூபாய் ஏற்றிக்கொண்டு, கால் வலிக்கு மருந்துக் கடையில் பதினைந்து ரூபாய் கொடுத்தால் யாருக்கு லாபம்?

நான்காவது, இது தனித்தனிச் சண்டையல்ல என்று உணர்வது. களத்து அம்மாவும், நடவு நடுகிற அக்காவும், சைடு பார்க்கிற தங்கையும், துணிக்கடைப் பெண்ணும் ஒரே கோரிக்கையைத்தான் வேறு வேறு தரையில் நின்று கேட்கிறார்கள். 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழல் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று தீர்மானித்தது. நாம் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு ஆதாரம்.

கடைசியாக அந்த அம்மாவிடம் திரும்புகிறோம். பிற்பாடு அவர்கள் பத்துப் பேர் சேர்ந்து மில் நிர்வாகத்திடம் போய்ப் பேசினார்கள். முதலில் விரட்டினார்கள். மறுநாள் உச்சி வேளையில் பத்துப் பேரும் களத்தில் இறங்கவில்லை. வேப்பமர நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் களத்தோரம் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். தண்ணீர்ப் பானையும் வந்தது. கக்கூஸ் இன்னும் வரவில்லை. காலுறையும் வரவில்லை. உச்சி வேளை ஓய்வு ஒரு மணி நேரம்தான் கிடைத்திருக்கிறது. முழு வெற்றி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு நாளு கேக்கலை தம்பி, அதனால குடுக்கலை."

தோழர்களே! கேட்போம். ஒன்றாகச் சேர்ந்து கேட்போம். கொடுக்கும்வரை கேட்போம்.

தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!